மலையில் நான்கு ஆராய்ச்சிக் குழுக்களை ஒரே ஜீப்பில் ஏற்றுவது எப்படி

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், சாந்தன்பாறைப் பக்கம் ஏலக்காய்த் தோட்டத்தில் காய் எடுக்கும் அக்கா ஒருவர், எனக்குக் கட்டஞ்சாயா கொடுத்துவிட்டுச் சொன்னார்: “உங்க ஆளுங்க இந்த மாசத்துல மூணாவது தடவையா வந்திருக்காங்கம்மா. வீட்ல எத்தன பேரு, தண்ணி எங்க எடுக்கறீங்க, கடன் எவ்வளவு. மூணு தடவையும் அதே கேள்வி. கடைசியா வந்த தம்பிகிட்ட வாய்க்கு வந்ததச் சொல்லி அனுப்பிட்டேன்.”

அந்த மூன்று குழுக்களும் என் திட்டத்தைச் சேர்ந்தவை. ஒருங்கிணைப்பாளர் என்று மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தது நான். கடைசியாகப் போன தம்பி நிரப்பிய தாள் அப்போது என் பைக்குள்தான் இருந்தது. அதன்படி அந்த அக்காவுக்கு ஏழு பிள்ளைகள்.

அப்படி ஒரு தாள் உங்கள் பையில் வந்து சேராமல் இருக்க என்ன செய்யலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் பிறந்தது மூணாறுக்கு மேலே ஒரு லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில். தாத்தா கயத்தாறுப் பக்கமிருந்து மலையேறியவர், அம்மா முப்பது வருடம் தேயிலைக் கொழுந்து எடுத்தவர். இப்போது குடியிருப்பது போடியில். காலையில் முந்தலைத் தாண்டிப் பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறினால் கேரளா, சாயங்காலம் இறங்கினால் தமிழ்நாடு. கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் தினமும் தோட்ட வேலைக்கு ஜீப்பில் போய்வருகிறவர்களோடுதான் நானும் போய்வருகிறேன். அவர்கள் மடியில் சோற்றுத் தூக்கு, என் மடியில் அதோடு ஒரு நோட்டு.

மலைப்பகுதிகளின் நிலையான வளர்ச்சி என்பதற்குப் பெரிய வரலாறு உண்டு. 1992 ரியோ மாநாட்டின் ‘அஜெண்டா 21’ ஆவணத்தில் 13-ஆம் அத்தியாயம் மலைகளுக்கென்றே எழுதப்பட்டது. 2002-ஐ ஐ.நா. மலைகளின் ஆண்டாகக் கொண்டாடியது. 2003 முதல் டிசம்பர் 11 மலைகள் நாள். இமயமலைப் பகுதியின் எட்டு நாடுகளுக்குப் பொதுவாக இசிமோட் என்ற மையம் 1983-இல் தொடங்கிக் காத்மாண்டுவில் நடக்கிறது. நம் மேற்குத் தொடர்ச்சி மலை 1,600 கிலோமீட்டர் நீளம், ஆறு மாநிலங்கள். திட்ட அறிக்கையின் முதல் பக்கத்தில் இதெல்லாம் அழகாக வரும். பேராசிரியர்கள் எழுதிவிடுவார்கள், நீங்கள் கவலைப்பட வேண்டாம். நம் வேலை இரண்டாம் பக்கத்தில் ஆரம்பிக்கிறது: மண் பார்ப்பவர், தண்ணீர் பார்ப்பவர், யானை பார்ப்பவர், கூலி பற்றிக் கேட்பவர் ஆகிய நால்வரும் ஒரே மலையைத்தான் பார்க்கிறார்கள் என்பதை அவர்களுக்கே ஞாபகப்படுத்துவது.

கேள்வியை மலையில் வைத்து முடிவு செய்யுங்கள்

முதல் கூட்டத்தைக் கல்லூரியின் ஏசி அறையில் போடாதீர்கள். ஏசி அறையில் எல்லோரும் எல்லாவற்றுக்கும் சம்மதிப்பார்கள். ஏலக்காய் உலர்த்தும் ஏதாவது ஒரு ஸ்டோரின் திண்ணையில், மழை இல்லாத நாளில் உட்காருங்கள். ஒவ்வொரு குழுவும் ஒரே ஒரு தாள் கொண்டுவர வேண்டும்: எதை அளக்கப் போகிறோம், எந்த இடத்தில், எந்த மாதத்தில், எந்த அளவையில், யாரைக் கேட்டு. நான்கு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே பாதிச் சண்டை அங்கேயே வெளியே வந்துவிடும். நல்லதுதான், அப்போதே வரட்டும்.

எங்கள் திட்டத்தில் தண்ணீர்க் குழுவுக்கு ஊற்று வேண்டும், மண் குழுவுக்குப் பூச்சிமருந்து எச்சம் வேண்டும், வருமானக் குழுவுக்குக் கடன் கணக்கு வேண்டும். திண்ணைக்குப் பக்கத்தில் காய் தரம் பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் கேட்டது ஒன்றே ஒன்று: “மாசி, பங்குனியில ஊத்து வத்திப் போகுது. முன்னாடி இப்படி இல்ல. ஏன்?” யோசித்துப் பார்த்தால் இதற்குள் நான்கு குழுவும் அடங்கும். நிழல் மரத்தை எவ்வளவு கவாத்து செய்கிறார்கள், கோடையில் ஏலச்செடிக்குத் தண்ணீர் பாய்ச்ச மோட்டார் போட்டது யார், அந்த மோட்டாருக்குக் கடன் கொடுத்தது யார், ஊற்று இருக்கும் பள்ளத்தில் யானை இறங்குகிறதா. அந்தக் கேள்வியைப் பெரிதாக எழுதி ஸ்டோர் சுவரில் ஒட்டினோம். பிறகு யார் புதிதாக ஒரு கேள்வியைப் படிவத்தில் சேர்க்க வந்தாலும், “இது சுவர்க் கேள்விக்கு எப்படி உதவும்?” என்று கேட்பேன். பாதிக் கேள்விகள் அங்கேயே விழுந்துவிடும்.

வீட்டுப் படிவம் ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். எல்லாக் குழுவும் தங்கள் கேள்வியை அதில் சேர்க்கட்டும், ஆனால் மொத்தம் முக்கால் மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு எண் கொடுங்கள். அந்த எண்ணை மண் குழுவும் யானைக் குழுவும்கூட அப்படியே பயன்படுத்த வேண்டும். எந்த வீட்டுக்கு யார், எந்தத் தேதியில் போனார் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். கம்ப்யூட்டரிலும் ஏற்றலாம், ஆனால் நோட்டு வேண்டும். சின்னக்கானல் போகிற வழியில் பல இடங்களில் சிக்னல் கிடையாது.

இன்னொன்றையும் முதல் மாதத்திலேயே எழுத்தில் முடித்துவிடுங்கள்: கட்டுரை வந்தால் யார் பெயர் முதலில், தரவு யாரிடம் இருக்கும், யாருக்கு எப்போது கொடுப்பது. இதைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. மூன்றாம் வருடத்தில் பேச ஆரம்பித்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், அவ்வளவுதான்.

அனுமதி, அப்புறம் சந்தேகம்

தாளில் வாங்கும் அனுமதி சுலபம், நேரம்தான் பிடிக்கும். சரணாலயத்துக்குள் ஆராய்ச்சி என்றால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 28-ஆம் பிரிவுப்படி தலைமை வனவிலங்குக் காப்பாளரின் அனுமதி வேண்டும். மலை ஒன்றுதான், காப்பாளர் இருவர்: திருவனந்தபுரத்தில் ஒருவர், சென்னையில் ஒருவர். இரண்டு விண்ணப்பத்தையும் ஒரே வாரத்தில் அனுப்புங்கள். ஒன்று வந்து மற்றது வராமல் ஒரு மழைக்காலத்தையே இழந்திருக்கிறோம். எஸ்டேட் நிலம் என்றால் மேனேஜர் கையெழுத்து. ஆதிவாசிக் குடியிருப்பு என்றால் கேரளப் பக்கம் ஊருக்கூட்டத்தில் (அவர்களின் ஊர்ச் சபை) பேசி, அவர்கள் சம்மதித்த பிறகுதான் காலடி வைக்க வேண்டும். முதுவான் பழங்குடியினரின் குடியில் காணியிடம் (அவர்களின் ஊர்த் தலைவர்) போகாமல் படித்த இளைஞர் ஒருவரிடம் பேசி வேலையை முடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். அந்த இளைஞருக்கும் தர்மசங்கடம், உங்களுக்கும் அடுத்த முறை கதவு திறக்காது.

கஷ்டம் தாளில் வராத அனுமதியில்தான். கையில் ஜிபிஎஸ் கருவியோடு ஒருவர் ஏலத்தோட்டத்தில் நடந்தால், பார்ப்பவருக்கு என்ன தோன்றும்? ஏலமலைக் காடுகளைப் பற்றி 1897-இல் திருவிதாங்கூர் அரசு வெளியிட்ட அறிவிப்பை வைத்து, இது வனத்துறை நிலமா வருவாய்த் துறை நிலமா என்று இன்றும் வழக்காடுகிறார்கள். பிறகு மேற்குத் தொடர்ச்சி மலையின் பாதுகாப்பு பற்றி 2011-இல் காட்கில் குழு அறிக்கை, 2013-இல் கஸ்தூரிரங்கன் குழு அறிக்கை. இரண்டாவதில் கேரளத்தின் 123 கிராமங்கள் சூழல் உணர்திறன் பகுதி என்று வந்ததும் இடுக்கியே கொதித்தது. அந்த இரண்டு அறிக்கைகளும் சரியா தவறா என்பது வேறு பேச்சு. எனக்குத் தனிப்பட்ட முறையில் காட்கில் சொன்னதில் நிறைய நியாயம் தெரிகிறது, அதுவும் 2018 கேரள வெள்ளத்துக்குப் பிறகு. ஆனால் வீட்டு வாசலில் நின்று ‘பரிஸ்திதி’ (சுற்றுச்சூழல்) என்று மலையாளத்தில் ஆரம்பித்தாலே, “இறக்கிவிட வந்திருக்கிறார்கள்” என்றுதான் காதில் விழுகிறது.

தமிழ்நாட்டுப் பக்கம் இறங்கினால் வேறு சந்தேகம். பொட்டிப்புரம் மலையில் நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்ததிலிருந்து, மண் மாதிரி எடுக்கும் எவரையும் “நியூட்ரினோ ஆளா?” என்று கேட்கிறார்கள். பாறையைத் தட்டிப் பார்த்த ஒரு மாணவரை ஒரு சாயங்காலம் முழுக்க ஊர்ச் சாவடியில் உட்கார வைத்துவிட்டார்கள். மரியாதையாகத்தான், டீ எல்லாம் கொடுத்து. நான் போய்ப் பேசி அழைத்து வந்தேன். கேரளப் பக்கம் தமிழ்நாட்டுப் பதிவெண் வண்டியில் போய்த் தண்ணீரைப் பற்றிக் கேட்டாலோ, மூன்றாவது கேள்விக்குள் முல்லைப் பெரியாறு வந்துவிடும். அணையைப் பற்றி எங்கள் குழுவில் யாரும் கருத்துச் சொல்லக் கூடாது என்று விதியே வைத்திருந்தோம். “நாங்கள் ஊற்றைத்தான் பார்க்கிறோம், அணையைப் பார்க்கவில்லை” என்ற ஒரு வாக்கியத்தை இரண்டு மொழியிலும் மனப்பாடம் செய்யச் சொன்னேன்.

இதற்கெல்லாம் நான் கண்ட வழி: யார் பணம், எந்த நிறுவனம், என்ன அளக்கிறோம், முடிவை எப்போது எங்கே சொல்வோம் என்ற நான்கையும் தமிழிலும் மலையாளத்திலும் அரைப் பக்கத்தில் அச்சடித்து, கருவியை வெளியே எடுப்பதற்கு முன்பே கொடுத்துவிடுவது. கருவியை அவர்கள் கையிலேயே கொடுத்து, திரையில் வரும் எண் என்ன என்று காட்டுவது. நிலத்தின் எல்லையைச் சுற்றி நடக்காமல், ஊற்று இருக்கும் ஒரு புள்ளியை மட்டும் குறிப்பது. எல்லையைச் சுற்றி நடந்தால் அது சர்வே, யார் என்ன சொன்னாலும்.

கூப்பிடும் முறையையும் கற்றுக்கொடுங்கள். வெளியூர் மாணவர்கள் எல்லோரையும் ‘சார்’, ‘மேடம்’ என்பார்கள், அப்போதே தூரம் வந்துவிடும். கோட்டயம் பக்கம் பாலாவிலிருந்து குடியேறிய மலையாளக் குடும்பத்தில் சேட்டன், சேச்சி. லயத்தில் அண்ணாச்சி, அக்கா, பெரியம்மா. என் அம்மாவிடம் ஒரு மாணவி ‘ரெஸ்பாண்டென்ட்’ என்று சொல்லிவிட்டாள். “என்னட்டி, ஏதோ நோய் பேரு சொல்லுதா?” என்று அம்மா என்னைக் கேட்டார்.

எண்கள் ஒன்றோடொன்று பேச வேண்டும்

திட்டத்தில் எனக்கு நிஜமான அவமானம் வந்தது இங்கேதான். மூன்று எஸ்டேட்டுகளிலிருந்து பழைய மழைக் கணக்கு வாங்கி, ஒரே அட்டவணையில் ஏற்றினேன். வரைபடம் போட்டபோது ஒரு எஸ்டேட்டில் மட்டும் ஜூலை மாதமே பாலைவனம் மாதிரி இருந்தது. பேராசிரியர் ஒருவர் அதற்கு மழைமறைவுக் காரணம்கூடக் கண்டுபிடித்துவிட்டார். மறையூர் மழைமறைவுப் பகுதி என்பது உண்மை, ஆனால் இந்த எஸ்டேட் அங்கே இல்லை. காரணம் எளிது: அந்தப் பழைய நோட்டில் அளவு அங்குலத்தில் இருந்தது. ஒரு அங்குலம் 25.4 மில்லிமீட்டர். இருபது அங்குல மழையை நான் இருபது மில்லிமீட்டராக ஏற்றியிருந்தேன்.

மழை அளவில் இன்னொரு கண்ணி இருக்கிறது, இது அங்குலத்தை விட ஆபத்தானது. இந்திய வானிலைத் துறைக்கு ஒரு நாள் என்பது காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. அளந்த நாளின் தேதியில்தான் பதிவாகும். 2020 ஆகஸ்ட் 6 இரவு, ராஜமலைக்கு அந்தப் பக்கம் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. எழுபது பேர் போனார்கள், நான்கு பேரின் உடல்கூடக் கிடைக்கவில்லை. எல்லோரும் எங்களைப் போலத் தமிழ்க் குடும்பங்கள். அந்தச் சரிவுக்கு என்ன மழை காரணம் என்று பார்க்க வருகிறவர், பதிவேட்டில் ஆகஸ்ட் 6 என்ற வரியை எடுத்தால் அது 5-ஆம் தேதி காலை முதல் 6-ஆம் தேதி காலை வரை பெய்த மழை. அந்த இரவில் கொட்டியது 7-ஆம் தேதி வரியில் இருக்கும். எஸ்டேட்டில் மஸ்டருக்கு (காலை ஆள் கணக்கெடுப்பு) முன்பே, ஆறு ஏழு மணிக்கே அளந்துவிடுகிறவர்களும் உண்டு. ஆகவே மழைக் கணக்கு வாங்கும்போது எத்தனை மணிக்கு அளக்கிறீர்கள், எந்தத் தேதியில் எழுதுகிறீர்கள், எந்த அளவையில் என்ற மூன்றையும் அளக்கும் ஆளிடமே கேளுங்கள். ஆபீஸில் கேட்காதீர்கள். ஆபீஸில் இருப்பவர் “எம்எம்தான்” என்று நம்பிக்கையாகச் சொல்வார்.

நிலம் வாய்ப்பேச்சில் ஏக்கரும் சென்ட்டும், வரி ரசீதில் ஹெக்டேரும் ஆரும். ஒரு ஆர் நூறு சதுர மீட்டர், ஏறக்குறைய இரண்டரை சென்ட். ஏலக்காய் என்றால் பச்சைக் காயா உலர்ந்த காயா என்று கேட்காமல் கிலோவை எழுதாதீர்கள். ஒரு கிலோ உலர்ந்த காய்க்கு நாலைந்து கிலோ பச்சைக் காய் போகும். கூலிக்கு எடுப்பவர் பச்சைக் கணக்குச் சொல்வார், புற்றடியிலோ போடியிலோ ஏலத்துக்குப் பதிபவர் உலர்ந்த கணக்குச் சொல்வார். இருவரும் உண்மைதான் சொல்கிறார்கள்.

மாதமும் அப்படித்தான். நாம் ஆடி என்பதை அவர்கள் கர்க்கடகம் என்பார்கள், ஆவணி அவர்களுக்குச் சிங்கம். ஒரு முதியவர் “தொண்ணூத்தொம்பது வெள்ளத்துல எங்க அப்பா பார்த்தார், இந்த ஓடை அப்பத்தான் திசை மாறுச்சு” என்றார். நம் மாணவர் 1999 என்று எழுதிக்கொண்டு வந்தார். அது கொல்லம் ஆண்டு 1099, அதாவது 1924 ஜூலை. மூணாறில் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலையே அடித்துக்கொண்டு போன வெள்ளம். எழுபத்தைந்து வருடத்தை ஒரு பேனா விழுங்கிவிட்டது. ஆண்டு சொன்னால் ‘எந்தக் கணக்கு’ என்று கேட்கப் பழக்குங்கள்.

ஊர்ப் பெயருக்கு ஒரு தனி அட்டவணை வேண்டும். கண்ணன் தேவன் மலையின் பெரும்பகுதி வருவாய் ஆவணத்தில் கே.டி.எச். என்று ஒரே கிராமப் பெயரில் கிடக்கும். மக்களுக்கோ எஸ்டேட்டின் ஒவ்வொரு டிவிஷனும் (பிரிவும்) ஒரு ஊர். மேல் டிவிஷன், கீழ் டிவிஷன் என்று எல்லா எஸ்டேட்டிலும் இருக்கும். தமிழ்ப் பெயர், மலையாளப் பெயர், எஸ்டேட் பெயர், வரைபடப் பெயர் என நான்கு பத்தி போட்டு நிரப்புங்கள். ஒரு வாரம் பிடிக்கும், சலிப்பான வேலை. திட்டம் முடிந்த பிறகு நான்கு குழுவும் என்னிடம் நகல் கேட்டு வாங்கிய ஒரே ஆவணம் அதுதான்.

காலண்டர்

தென்மேற்குப் பருவமழை மூணாறுப் பக்கத்தை நனைக்கும்போது போடியில் காற்றுதான். ஐப்பசியில் போடியில் கொட்டும்போது மேலே வேறு கணக்கு. ஒரே மலையின் இரண்டு பக்கத்துக்கும் ஒரே ‘மழைக்கால மாதிரி’ எடுக்கத் தேதி குறிக்கும் திட்டம் எனக்கு ஒவ்வொரு வருடமும் வரும், ஒவ்வொரு வருடமும் திருப்பி அனுப்புவேன்.

ஆடி, ஆவணியிலிருந்து தை, மாசி வரை காய் எடுப்பு, சுற்றுச் சுற்றாக. அந்த நாளில் பகலில் யாரும் பேச மாட்டார்கள், பேசினால் கூலி போகும். சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா என்றால் தேனிக்காரர்கள் ஒரு வாரம் மலையேறவே மாட்டார்கள். அந்த வாரத்தில் மேலே போய் “தொழிலாளர் பற்றாக்குறை” என்று எழுதிவந்த ஒரு அறிக்கையைப் பார்த்திருக்கிறேன். ஓணம், பொங்கல், இரண்டு மாநிலத் தேர்தல், ஹர்த்தால். எல்லாவற்றையும் ஒரே காலண்டரில் ஏற்றி ஜீப் டிரைவரிடம் காட்டுங்கள், விட்டுப்போனதை அவர் சொல்வார்.

இரண்டு மாநிலம் சேர்ந்து ஒரு வேலையைச் செய்யவே முடியாது என்று சலித்துக்கொள்பவர்களைச் சித்ரா பௌர்ணமிக்கு மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு அனுப்புகிறேன். பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள், எல்லையிலேயே இருக்கும் கோயில். வருடத்தில் ஒரே நாள்தான் திறப்பு. அதற்கு முன்னால் தேனி, இடுக்கி இரண்டு மாவட்ட நிர்வாகமும் கூடி உட்கார்ந்து, குமுளியிலிருந்து எத்தனை ஜீப், பளியன்குடி வழியாக நடந்து வருகிறவர்களுக்கு எங்கே தண்ணீர், எத்தனை மணிக்கு இறங்க வேண்டும் என்றெல்லாம் பேசி முடிக்கிறார்கள். எங்கள் இரண்டாம் வருடக் கூட்டத்தை நான் அந்த முறையில்தான் நடத்தினேன்: கொள்கைப் பேச்சு கிடையாது, எத்தனை ஜீப், எங்கே தண்ணீர், எத்தனை மணிக்கு. இரண்டு மணி நேரத்தில் முடிந்தது.

யானைக் குழுவுக்கு மட்டும் எந்தக் காலண்டரும் பொருந்தாது. 2023 ஏப்ரலில் சின்னக்கானலில் மயக்க ஊசி போட்டுப் பிடித்த அரிக்கொம்பன் என்ற காட்டு யானையைப் பெரியாறு காட்டில் விட்டார்கள். மே மாதம் அது கம்பம் நகருக்குள் வந்தது. ஜூனில் தமிழ்நாடு பிடித்துக் களக்காடு முண்டந்துறையில் விட்டது. 28-ஆம் பிரிவு விண்ணப்பம் எதுவும் போடாமல் இரண்டு மாநிலத்திலும் களப்பணி செய்த ஒரே ஆள் அவன்தான் என்று எங்கள் டிரைவர் சொல்வார். சிரிப்பு இருக்கட்டும். அந்த மாதங்களில் அதிகாலையில் ஊற்றுக்குப் போகும் பெண்கள் வழியை மாற்றிக்கொண்டார்கள், அது தண்ணீர்க் குழுவின் கணக்கில் ‘பயன்பாடு குறைவு’ என்று வந்தது. வீட்டு எண் ஒன்றாக இருந்ததால்தான் யானைக் குழுவின் பதிவோடு ஒட்டிப் பார்த்துக் காரணத்தைப் பிடித்தோம்.

வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பது

ஊர்க்காரர்களை உதவியாளராக வைத்தால் அவர்களை உதவியாளர் என்றே சம்பளப் பட்டியலில் எழுதுங்கள். ‘இதரச் செலவு’ என்று எழுதாதீர்கள். நாள்கூலி, தோட்டத்தில் அன்று கிடைப்பதை விடக் குறையக் கூடாது. அட்டைக்கடி, வழுக்கல், ஜீப் விபத்து எல்லாம் அவர்களுக்கும்தான், காப்பீட்டில் அவர்கள் பெயர் இருக்க வேண்டும்.

தெற்கே அகத்தியமலையில் நடந்ததை எல்லாக் குழுவுக்கும் முதல் நாளே சொல்லிவிடுவேன். 1987-இல் ஆராய்ச்சியாளர்களோடு காட்டுக்குள் வழிகாட்டியாகப் போன காணிக்காரர்கள் (அந்த மலையின் காணிப் பழங்குடியினர்), களைப்புத் தெரியாமல் இருக்க ஒரு செடியின் பழத்தைத் தின்றுகொண்டே நடந்தார்கள். ஆரோக்கியபச்சை. அதிலிருந்து பாலோட்டில் உள்ள தாவரவியல் ஆராய்ச்சி நிலையம் ‘ஜீவனி’ என்ற மருந்தைச் செய்தது. 1995-இல் உரிமத்தைப் பத்து லட்சம் ரூபாய்க்கும் விற்பனையில் 2 சதவீதத்துக்கும் கொடுத்தார்கள், அதில் பாதி காணிகளுக்கு என்று முடிவாகி, 1997-இல் அறக்கட்டளை அமைந்தது. பலன் பகிர்வுக்கு நம் நாட்டில் சட்டமே வராத காலம், உயிரியல் பல்வகைமைச் சட்டம் 2002-இல்தான் வந்தது. அந்த அளவில் பாராட்ட வேண்டியதுதான். ஆனால் வழிகாட்டிய சிலரிடம் பேசியது எல்லாக் காணிகளிடமும் பேசியதாகாது, வைத்தியம் தெரிந்த மூத்தவர்களை யாரும் கேட்கவில்லை என்ற மனக்குறையும் அப்போதே எழுந்தது. செடியைக் காட்டியவர் ஒருவர், அறிவுக்கு உரியவர்கள் பலர். படிவத்தில் ‘தகவல் தந்தவர்’ என்று ஒரே ஒரு கோடு இருந்தால் இன்னும் இரண்டு கோடு போடுங்கள்.

அறிவு எப்போதும் நிறுவனத்திலிருந்து தோட்டத்துக்குத்தான் போகும் என்று நினைக்கும் இளம் ஆராய்ச்சியாளர்களுக்கு இன்னொன்று. மயிலாடும்பாறையில் ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, பாம்பாடும்பாறையில் வேளாண் பல்கலைக்கழகத்தின் நிலையம் இருக்கிறது. இருந்தும் இன்று மலையெங்கும் நிற்கும் ஞல்லானி என்ற ஏலக்காய் ரகத்தைத் தன் தோட்டத்தில் தேர்ந்தெடுத்து வளர்த்தது செபாஸ்டியன் ஜோசப் என்ற இடுக்கி விவசாயி. தோட்டக்காரர் ஒரு செடியைக் காட்டி ஏதாவது சொன்னால் பேனாவை மூடாதீர்கள்.

முடிவைத் திருப்பிச் சொல்வதில் நாங்கள் ஒரு தவறு செய்தோம். ஐந்து ஊற்றுகளின் தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பினோம். ஒன்றில் கிருமி இருந்தது. முடிவு ஒரு ஆய்வகத்திலிருந்து மின்னஞ்சலில் வந்து, அதைப் பார்த்தவர் கட்டுரைக்காக எடுத்துவைத்துவிட்டார். நான் ஏழு வாரம் கழித்துத்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அந்த ஏழு வாரமும் பதினோரு வீடு அந்தத் தண்ணீரைக் குடித்தது. பெரிதாக எதுவும் ஆகவில்லை, அது எங்கள் திறமை இல்லை. அதற்குப் பிறகு விதி வைத்தேன்: உடம்புக்கு, உயிருக்குச் சம்பந்தப்பட்ட எந்த முடிவும் வந்த அன்றே என் போனுக்கு வர வேண்டும், மறுநாள் நான் அந்த வாசலில் நிற்பேன். கட்டுரை பிறகு வரட்டும். மலையில் விரிசல், புதிதாக ஓடும் கலங்கல் தண்ணீர், சாய்ந்த மரம் எல்லாமே இந்த விதிக்குள் வரும்.

மற்ற முடிவுகளுக்கு வருடத்துக்கு ஒரு கூட்டம் போதும், காய் எடுப்பு முடிந்த பங்குனியில். பவர்பாயிண்ட் வேண்டாம். கல்யாண வீட்டுக்கு அடிப்பது மாதிரிப் பெரிய ஃப்ளெக்ஸில் வரைபடத்தை அடித்துத் தரையில் விரியுங்கள். வீடுகளை எண்ணால் மட்டும் குறியுங்கள், கடன், நிலம் பற்றிய எதையும் வரைபடத்தில் போடாதீர்கள். செருப்பைக் கழற்றிவிட்டு மேலே நடந்து பார்க்கச் சொல்லுங்கள். மார்க்கர் பேனா நாலைந்து கையில் கொடுங்கள்.

எங்கள் கடைசிக் கூட்டத்தில் குழந்தைகள்தான் முதலில் ஏறினார்கள், தங்கள் பள்ளிக்கூடத்தைத் தேடி. பிறகு ஒரு அண்ணாச்சி மூன்றாம் எண் ஊற்றில் நின்று தலையை ஆட்டினார். “இது ஓடைக்கு இந்தப் பக்கம் இல்ல தாயி, அந்தப் பக்கம். பாறைக்கு அடியில.” தண்ணீர்க் குழுவின் பேராசிரியர் குனிந்து பார்த்தார். இரண்டு வருடமாக அளந்த ஊற்று. அண்ணாச்சி சொன்னது அதே ஊற்றா, நாங்கள் பார்க்காத இன்னொன்றா என்று கால் மணி நேரம் பேச்சு நடந்தது. இன்னொன்றுதான். கோடையிலும் வற்றாதாம். ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, “நீங்க வத்துறதத்தான கேட்டீங்க” என்றார்.

சாந்தன்பாறை அக்காவும் வந்திருந்தார். வரைபடத்தின் ஓரத்தில் உட்கார்ந்து தன் வீட்டு எண்ணைத் தேடிக் கண்டுபிடித்து, என்னைக் கூப்பிட்டார்.

“எனக்கு எத்தன புள்ளைங்கன்னு போட்டிருக்கீங்க?”

“ரெண்டுக்கா.”

“சரி,” என்று மார்க்கரை வாங்கி, அண்ணாச்சி சொன்ன பாறைக்குத் தன் வீட்டிலிருந்து போகும் ஒற்றையடிப் பாதையை வரைய ஆரம்பித்தார்.